தட்டினால் விட்டுவிட வேண்டும்

உள்ளே வாருங்கள். செருப்பை அங்கேயே விடுங்கள். சி பிளாக், மூன்றாவது மாடிதானே? வாட்ஸப் குழுவில் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டது நீங்கள் ஒருவர்தான். மற்ற எல்லாரும் கும்பிடுகிற கையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சும்மா கொடுக்கிறேன் என்பதற்கு எதற்குக் கும்பிடு, எனக்குப் புரியவில்லை.

இதோ, இதுதான். ஜூடோ உடுப்பு. மேல்சட்டையும் கால்சட்டையும். முரட்டுத் துணி. மெஷினில் போட்டால் மெஷின் அழும். கையால் துவைத்து, நீலம் போட்டு, இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். பெல்ட் மட்டும் இருக்காது. அதைக் கேட்காதீர்கள், தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

தம்பிக்கா? நான் பிள்ளைக்கு என்று நினைத்தேன். வேலையை விட்டுவிட்டு வந்து உங்கள் வீட்டில் படுத்திருக்கிறாரா? எத்தனை மாசமாக?

ஓகோ.

அப்படியானால் உட்காருங்கள். கொடுத்து அனுப்பிவிட்டு அப்புறம் வருத்தப்பட எனக்குப் பிடிக்காது. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இப்படி வாருங்கள். என் வீட்டுக்காரர் உள்ளேதான் இருக்கிறார். மெதுவாகப் பேச வேண்டியதில்லை, தூங்கவில்லை. கதவு எப்போதும் திறந்துதான் கிடக்கும். எங்கள் வீட்டில் எந்தக் கதவுக்கும் இப்போது தாழ்ப்பாள் கிடையாது. ஆசாரியைக் கூப்பிட்டுக் கழற்றிவிட்டேன். காற்று வரட்டும் என்று. குளியலறைக்குமா என்று பார்க்கிறீர்கள். குளியலறைக்கும்தான்.

இவருக்கு எப்படி ஆரம்பித்தது என்றால், ஒரு சாக்ஸில் ஆரம்பித்தது. போன வருஷம் ஆனி மாசம். ஆபீஸுக்குக் கிளம்புகிறவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு காலில் சாக்ஸைப் போட்டார். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டார். நான் டிபன் பாக்ஸ் கட்டி வைத்துவிட்டு, துணி காயப்போட்டுவிட்டு, காய்க்காரனிடம் சண்டை போட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், அப்படியே உட்கார்ந்திருக்கிறார். ஒரு கால் சாக்ஸ், ஒரு கால் வெறும் கால். "என்னங்க, ஆபீஸ் இல்லையா?" என்றேன். "போகணும்" என்றார். மத்தியானம் வரைக்கும் போகணும், போகணும்தான். போகவில்லை.

காரணம் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லாரும் கேட்டார்கள். ஒரு காரணமும் கிடையாது. மகளுக்குக் கல்யாணம் முடிந்து பூனாவில் நன்றாக இருக்கிறாள். வீடு சொந்த வீடு. சர்க்கரை இல்லை, கொதிப்பு இல்லை. காரணம் இருந்தால் அதைச் சரிசெய்திருக்க மாட்டேனா? காரணமே இல்லாமல் ஒரு மனுஷன் சவரம் செய்வதை நிறுத்துவான், குளிப்பதை நிறுத்துவான், கேட்டதற்குப் பதில் சொல்வதை நிறுத்துவான் என்றால் அதை எங்கே பிடித்துச் சரிசெய்வது?

என் நாத்தனார் குணசீலம் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போ, பெருமாள் பார்த்துக்கொள்வார் என்றாள். "அவருக்கு வந்தது பேய் இல்லை, உங்கள் குடும்பத்துச் சோம்பல்" என்றேன். அன்றிலிருந்து போன் இல்லை. ஒரு தலைவலி விட்டது.

நான் கான்வென்டில் படித்தவள். சிஸ்டர் பெர்னதெத் என்று ஒருத்தி இருந்தாள். கூன் போட்டு உட்கார்ந்தால் முதுகில் ஸ்கேலைச் செருகிவிடுவாள். முதுகு நிமிர்ந்தால் மனசு நிமிரும் என்பாள். அது எனக்கு இன்றுவரை பொய்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தால் பாத்திரம் தேய்ப்பேன். தேய்த்து முடிப்பதற்குள் அழுகை போய்விடும். பாத்திரமும் பளபளவென்று இருக்கும்.

ஆனால் நான் கட்டுப்பெட்டி இல்லை. டாக்டரிடம்தான் போனேன். தில்லைநகரில், மனநல டாக்டர். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு இவரிடம் மட்டும் அரை மணி நேரம் பேசினார். வீட்டில் நாலு வார்த்தை பேசாத மனுஷன் உள்ளே அரை மணி நேரம் என்ன பேசினார்? அதை இன்றுவரை இரண்டு பேரும் சொல்லவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு, இது வியாதி, சோம்பல் இல்லை, மாத்திரை விடாமல் கொடுங்கள், வேலை செய்ய நாளாகும் என்றார். கடைசியில், உடற்பயிற்சியும் கூட இருந்தால் நல்லது என்றார்.

பார்த்தீர்களா, உடற்பயிற்சி! அவர் வாயாலேயே வந்தது. நான் சொன்னால்தான் யாருக்கும் ஏறாது.

முதலில் நடக்கக் கூட்டிப்போனேன். பார்க்கைச் சுற்றி ஒரு சுற்று வருவார், அடுத்த சுற்றில் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். யோகாவில் சேர்த்தேன். சவாசனத்தைத் தவிர மற்றதெல்லாம் மறந்துபோனது. அப்போதுதான் பொன்மலையில் ரயில்வே ஹாலில் ஜெரோம் மாஸ்டர் பெரியவர்களுக்கும் ஜூடோ சொல்லித் தருகிறார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு உடனே பிடித்துவிட்டது. நடையில் உட்காரலாம், யோகாவில் படுக்கலாம், சண்டையில் என்ன செய்வார்? எதிரே ஒருத்தன் சட்டையைப் பிடித்து இழுக்கும்போது சும்மா இருக்க முடியுமா?

முடியும் என்று பிறகு தெரிந்தது. அதைச் சொல்கிறேன்.

மாஸ்டர் நல்ல மனுஷன். கட்டையான ஆள், காதெல்லாம் நசுங்கிப் போய்ப் பணியாரம் மாதிரி இருக்கும். ரயில்வே டீமில் விளையாடியவர். முதல் நாளே என்னிடம், "மேடம், மூணு மாசம் குடுங்க. விழுந்து விழுந்து எழுந்தா மனசும் எழுந்துடும். நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்" என்றார். எனக்கு அந்தத் தெம்பான பேச்சு பிடித்திருந்தது. டாக்டர் பேசுவது போலக் குழகுழவென்று இல்லை.

ஜூடோவில் முதலில் அடிக்கச் சொல்லித் தரமாட்டார்களாம், விழத்தான் சொல்லித் தருவார்களாம். தடித்த மெத்தை விரித்திருப்பார்கள். அதில் பக்கவாட்டில் விழ, பின்னால் விழ, உருண்டு விழ என்று அதற்கே பல வாரம். நான் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். மற்ற வீட்டுக்காரிகள் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அது வராது. கண்ணில் படாத வேலை ஒழுங்காக நடக்காது.

இன்னொன்றும் முதல் நாளே சொல்லித் தந்தார். எதிராளி கழுத்தையோ கையையோ மடக்கிப் பிடித்துத் தாங்க முடியாமல் போனால், உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். மெத்தையிலோ அவன் முதுகிலோ, கை எட்டுகிற இடத்தில். தட்டினால் 'போதும், விடு' என்று அர்த்தம். தட்டின அடுத்த நொடி பிடித்தவன் விட்டுவிட வேண்டும். காரணம் கேட்கக் கூடாது, இன்னும் கொஞ்சம் என்று இழுக்கக் கூடாது.

நான் நாற்காலியிலிருந்தே கேட்டேன். "எல்லாரும் தட்டிக்கிட்டே இருந்தா எப்ப மாஸ்டர் கத்துக்கிறது?"

அவர் சிரித்தார். "தட்டுறவனைப் பத்தி எனக்குப் பயமே இல்ல மேடம். தட்டாம இருக்கான் பாருங்க, அவன் பக்கத்துலதான் நான் போய் நிப்பேன். மூச்சு நின்னாலும் தெரியாது."

சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

நம்பமாட்டீர்கள், நடுவில் நன்றாக இருந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன், ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆவணி, புரட்டாசி இரண்டு மாசமும் இவர் தானாக எழுந்து சவரம் செய்தார். தோசை இன்னொன்று போடு என்று கேட்டார். ஒருநாள் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது சிரிக்கிற சத்தம் கேட்டது. ஸ்கூட்டியை ஓரம் கட்டிவிட்டேன்.

"என்னங்க?"

"இல்ல வசு, அந்தக் காலேஜ் பொண்ணு இன்னிக்கு என்னை அரிசி மூட்டை மாதிரி தூக்கிப் போட்டா. போட்டுட்டு, 'சாரி அங்கிள்'னு அழுவுது."

நானும் சிரித்தேன். ரோட்டோரத்தில் இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம். மகளுக்குப் போன் செய்து சொன்னேன். இந்தக் குழுவில்கூட இவர் வெள்ளை உடுப்பில் நிற்கிற படம் போட்டேனே, பார்த்திருப்பீர்கள். அதற்கும் எல்லாரும் கும்பிட்டார்கள்.

அப்போது ஒருநாள் சாப்பிடும்போது இவர் சொன்னார்: "விழற அந்த ஒரு நொடி இருக்கு பாரு, அப்ப ஒண்ணுமே தோணலை. தலை காலியா, நல்லா இருக்கு."

"எழுந்திரிச்சதும்?"

"எழுந்ததும் எல்லாம் திரும்ப வந்து உட்கார்ந்துக்குது."

"அப்ப இன்னும் நல்லா பிராக்டிஸ் பண்ணுங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

மாத்திரை விஷயம் அப்போதுதான். நான் நிறுத்தவில்லை. எல்லாரும் நான் நிறுத்திவிட்டேன் என்கிறார்கள். குறைத்தேன். காலையில் மாத்திரை மப்பில் கால் பின்னுகிறது, வாய் காய்கிறது என்று இவரே சொன்னார். மஞ்சள் பெல்ட் பரீட்சை வந்துகொண்டிருந்தது. மப்போடு போய் நின்றால் எப்படித் தேறுவது? உடம்பு தேறிவிட்டது, சிரிக்கிறார், சாப்பிடுகிறார். கால் சரியான பிறகும் யாராவது கட்டையை ஊன்றி நடப்பார்களா? பாதியாக்கினேன். அப்புறம் ஒன்றுவிட்டு ஒருநாள். அப்புறம் அது தானாகவே நின்றுபோனது. டாக்டரிடம் அடுத்த முறை போகும்போது மஞ்சள் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு போய்க் காட்டலாம் என்றுகூட நினைத்திருந்தேன்.

பரீட்சை கார்த்திகையில். மதுரையிலிருந்து ஒரு பெரிய மாஸ்டர் வந்திருந்தார். வெள்ளை உடுப்பு போட்ட வாண்டுகளுக்கு நடுவில் இவர் நரைத்த தலையோடு நிற்கிறார். நான் முன்வரிசை. இவர் முறை வந்தது. ஜெரோம் மாஸ்டரே எதிரில் நின்று இவரைத் தூக்கிப் போட வேண்டும், இவர் விழுந்து எழ வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை.

போட்டார். இவர் விழுந்தார் பாருங்கள், அப்படி ஒரு விழல். கை சரியான இடத்தில் அறைந்தது, தலை தரையில் படவில்லை. மதுரைக்காரர் தலையை ஆட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள்.

எழவில்லை.

மூச்சு வாங்குகிறார் என்று நினைத்தேன். கைதட்டல் நின்றது. இவர் மல்லாந்து, மேலே தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். அடி ஒன்றும் இல்லை, முகத்தில் வலி இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் காதுப்பக்கம் ஒழுகுகிறது. எனக்கு மானம் போய்விட்டது. "எழுந்திரிங்க! எல்லாரும் பார்க்கிறாங்க, எழுந்திரிங்க!" என்று நாற்காலியிலிருந்து கத்தினேன்.

இவர் உள்ளங்கையால் மெத்தையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

யாரும் பிடிக்கவில்லை. கேட்டீர்களா? மாஸ்டர் இரண்டடி தள்ளி நிற்கிறார். ஒரு கைகூட இவர் மேல் இல்லை. யாரை விடச் சொல்கிறார்?

மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏன் என்னைப் பார்க்க வேண்டும்? பிறகு மெதுவாகப் போய் இவர் பக்கத்தில் மெத்தையில் தானும் படுத்துக்கொண்டார். இரண்டு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார்கள். பரீட்சை நடக்கிற இடத்தில்! சிஸ்டர் பெர்னதெத் இருந்திருந்தால் இரண்டு பேர் முதுகிலும் ஸ்கேல் விழுந்திருக்கும்.

மஞ்சள் பெல்ட்டைக் கொடுத்துவிட்டார்கள். விழுந்தது சரியாக இருந்ததாம்.

அதற்குப் பிறகு வகுப்புக்குப் போகவில்லை. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. டாக்டரிடம் ஓடினேன். மாத்திரை விட்டதைக் கேட்டு அவர் குரலை உயர்த்தாமல் திட்டினார். அந்த மாதிரித் திட்டுத்தான் எனக்குப் பிடிக்காது. மறுபடி முதலிலிருந்து, மறுபடி நாளாகும். ஆகிக்கொண்டிருக்கிறது.

வீட்டில் ஒரு புதுத் தொல்லை ஆரம்பித்தது. தட்டுவது. நான் சாப்பாட்டு மேஜையில் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பேன், குளித்தீர்களா, அந்த ஆபீஸ் லீவுக்கு என்ன சொன்னார்கள், மாப்பிள்ளை என்ன நினைப்பார் என்று, இவர் மேஜையில் டொக், டொக். மகள் வீடியோ காலில் வந்து, "அப்பா, பாசிட்டிவா இருங்கப்பா" என்றால் சுவரில் டொக், டொக். பூஜை மணி மாதிரி. ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கை மேலேயே தட்டினார். மெதுவாகத்தான். விரல் ஈரமாக இருந்தது.

மாஸ்டர் பார்க்க வந்தார். உள்ளே போய் இவரோடு உட்கார்ந்திருந்துவிட்டு வெளியே வந்தார். இந்த இடத்தில்தான், நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்.

"மேடம், என்னை மன்னிச்சுக்குங்க. மூணு மாசம்னு நான் சொன்னது தப்பு. உடம்பு விழுந்தா எப்படி எழறதுன்னு எனக்குத் தெரியும். இது வேற விழல். எனக்குத் தெரியாது."

தெரியாததை ஒத்துக்கொள்ள ஒரு மாஸ்டரா?

"ஆனா ஒண்ணு. சார் தட்டினா விட்டுடுங்க. அதான் ரூல்."

எனக்கு வந்ததே கோபம். "வீடு என்ன உங்க மெத்தையா மாஸ்டர்? நான் எங்க பிடிச்சேன்? நான் பிடிக்கலைன்னா குளிப்பாரா? நான் பிடிக்கலைன்னா சாப்பிடுவாரா? விடு விடுங்கிறீங்களே, விட்டா எங்க போய் விழுவார்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் நசுங்கின காதைத் தடவிக்கொண்டு போய்விட்டார்.

பெல்ட் எங்கே என்று பார்க்கிறீர்கள். பார்க்கத்தான் செய்வீர்கள். மார்கழி மாசம் ஒரு மத்தியானம் கறிவேப்பிலை வாங்கக் கீழே போய்விட்டு வந்தேன். லிப்ட் வரவில்லை, படியேறி வந்தேன். இவர் கட்டிலில் உட்கார்ந்து அந்த மஞ்சள் பெல்ட்டை மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தார். "என்ன பண்றீங்க?" என்றேன். "மடிச்சு வைக்கிறேன்" என்றார். மடித்துத்தான் வைத்துக்கொண்டிருந்திருப்பார். சமையலறைக் கத்தரியை எடுத்துவந்து விரல் நீளத்துக்குத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டேன். தடித்த துணி, கட்டை விரலில் கொப்புளம். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், தடுக்கவில்லை. மறுநாள் ஆசாரியைக் கூப்பிட்டேன். காற்றுக்குத்தான்.

அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். தம்பியை ஜூடோவில் சேருங்கள், சேர்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பசிக்கும், தூக்கம் வரும், ஒருநாள் சிரிக்கக்கூடச் செய்வார். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு மாத்திரையில் கை வைக்காதீர்கள். வைத்தால் பழி உங்கள் தலையில்தான் விழும், என்னைப் பாருங்கள். அப்புறம் தட்டுவார்களே, அதைப் பழக்கமாக விடாதீர்கள். முதலிலேயே கண்டித்துவிடுங்கள்.

இப்போதா? இப்போது தட்டுவதில்லை. அது ஒன்றுதான் இந்த வீட்டில் முன்னேற்றம். பொங்கலுக்கு அப்புறம் நின்றுவிட்டது. நான் என்ன பேசினாலும் சும்மா இருக்கிறார். எழுந்திருங்கள் என்றால் எழுகிறார், குளியுங்கள் என்றால் குளிக்கிறார், ஊட்டினால் வாயைத் திறக்கிறார். ஒரு தட்டு இல்லை, ஒரு சத்தம் இல்லை. பேசிப் பேசி நானே அலுத்துப்போய் நிறுத்துகிறேன்.

இன்று காலையில் மாஸ்டர் போன் செய்தார். சந்தோஷமான சேதிதானே என்று அவரிடமும் சொன்னேன், "இப்பல்லாம் தட்டுறதே இல்ல மாஸ்டர், விட்டுட்டார்" என்று. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். பிறகு, "மேடம், தனியா இருக்கீங்களா? டாக்டருக்குப் போன் பண்ணுங்க, நானும் வந்துடறேன். அதுவரைக்கும் சார் பக்கத்துலயே இருங்க" என்றார். டாக்டரும் அதையேதான் சொன்னார், உடனே கூட்டி வாருங்கள் என்கிறார். ஆட்டோவில் இவரைத் தனியாக எப்படி ஏற்றுவேன்? மாஸ்டர் வரட்டும் என்று இருக்கிறேன். அவர் டூட்டி முடிந்து வர வேண்டும். என்னத்துக்கு இரண்டு பேரும் இப்படிப் பதறுகிறார்கள், தெரியவில்லை. அமைதியாகத்தானே இருக்கிறார்.

உங்களை ஏன் இன்றைக்கே வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னேன் என்று கேட்கமாட்டீர்களா? கேட்காதீர்கள்.

எழுந்துவிட்டீர்களே. இருங்கள், காபி குடித்துவிட்டுப் போகலாம். காலையிலிருந்து நானும் குடிக்கவில்லை, சமையலறைப் பக்கமே போக முடியவில்லை. பால் வைக்க இரண்டு நிமிஷம்தான். நாற்காலியைக் கொஞ்சம் இப்படித் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கதவு தெரிகிற மாதிரி. கட்டில் ஓரம் தெரிகிறதா? கால் தெரிகிறதா? போதும். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

ஏதாவது சத்தம் கேட்டால் கூப்பிடுங்கள்.

கேட்காவிட்டாலும் கூப்பிடுங்கள்.